அந்தத் தங்கச்சி சான்றிதழ் வாங்கினாரா, இல்லையா?

மட்டக்குளியான்:
இரண்டு நாளாக வட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது, எங்கள் குடும்பக் குழுவில் மட்டும் மூன்று பேர் போட்டுவிட்டார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபத்தில் நடந்த மாணவர் கூட்டத்தில் கம்பஸ் மூன்றாம் வருடத் தங்கச்சி ஒருவர் பேசியது. பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். சீ.வீ.யில் ஒரு வரி கூடட்டும் என்றுதான் முதல் வருடம் தொண்டர் கழகத்தில் சேர்ந்தாராம். கொழும்பு மட்டக்குளியில் ஒரு தோட்டத்தில், அதாவது நெருக்கமான ஏழைக் குடியிருப்பில், பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பு எடுத்தாராம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி ஆறு பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் நிவாரணப் பொதி கொண்டுபோனாராம். அங்கே ஒரு அம்மா பொதியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “பிள்ளை, அடுப்பும் சட்டியும் ஆற்றோடு போய்விட்டது, இந்தப் பருப்பை எதிலே அவிக்க?” என்று கேட்டாராம். அன்றைக்குத்தான் கண் திறந்ததாம். அதன் பிறகு பொதி கட்டுவதை விட்டுவிட்டு உரிமை, நீதி என்று இறங்கினாராம். கடைசியில் ஒரு போடு போட்டார் பாருங்கள்: “கழகம் தந்த சான்றிதழைக்கூட நான் வாங்கவில்லை, அந்த மக்கள்தான் என் சான்றிதழ்.” மண்டபம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

சரி. அந்தக் கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஆண்டு நிறைவுப் படத்தில் இரண்டாவது வரிசையில் இந்தத் தங்கச்சி நிற்கிறார், கையில் சான்றிதழ், பொன் நிறக் கரை வேறு. ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்திருக்கிறேன். ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. வாங்கினாரா, இல்லையா?

கம்பஸ்காரி:
அண்ணா, நான் அவளுடைய பட்ச். அந்தப் படத்தில் இருப்பது குழுவுக்குக் கொடுத்த சான்றிதழ். குழுத் தலைவிக்கு அன்று காய்ச்சல், அதனால் இவள் மேடையேறி வாங்கினாள். அவளுடைய பெயர் போட்ட தனிச் சான்றிதழ் இன்னும் கழக அலுமாரியில்தான் கிடக்கிறது. இதைக்கூட விசாரிக்காமல் ஒரு பொம்பிளைப் பிள்ளையை இழுத்து வைத்துக் கதைப்பது நல்லாயில்லை.

மட்டக்குளியான்:
அப்போ வாங்கினார்.

கம்பஸ்காரி:
குழுவுக்கு வாங்கினாள் என்று எழுதியிருக்கிறேன், வாசிக்கத் தெரியும்தானே?

மட்டக்குளியான்:
வாசிக்கத் தெரியும் தங்கச்சி. “சான்றிதழைக்கூட நான் வாங்கவில்லை” என்று மைக்கில் சொன்னவர் கையில் சான்றிதழோடு நிற்கிறார். அது குழுவுக்கா, கோயிலுக்கா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளவத்தை வாசி:
ஒரு சின்னக் கேள்வி. அந்தப் பிள்ளை பொதி கட்டியது சமூக சேவை. பிறகு செய்தது சமூக நீதி வேலை என்கிறார். இரண்டும் ஒன்றா, வேறு வேறா? அதை முதலில் தெளிவாக்கினால் சண்டை பாதி குறையும் என்று நினைக்கிறேன்.

பாமன்கடை அம்மா:
நானும் வீடியோ பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. ஆனால் சான்றிதழ் வாங்கினால் என்ன பிழை? என் மகள் ஏ.எல். முடித்துவிட்டு வெளிநாட்டுக் கம்பஸுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள், சேவைச் சான்றிதழ் இருந்தால் நல்லது என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். அது எந்தக் கழகம் என்று யாராவது சொல்வீர்களா? கெதியாகத் தருகிறவர்களா?

மட்டக்குளியான்:
பார்த்தீர்களா? இதைத்தான் சொல்கிறேன். மட்டக்குளி என்றால் இவர்களுக்கு வீசா எடுக்கிற இடம். எங்கள் கோயில் மண்டபத்தில் வருடக்கணக்காக ஞாயிறு வகுப்பு நடக்கிறது, நானும் இன்னும் சில பொடியன்மாரும்தான் எடுக்கிறோம். கணக்கு, சிங்களம், ஓ.எல். பழைய வினாத்தாள். வெள்ளைக்கட்டி வாங்குவது நாங்கள், மின்விசிறி திருத்துவது நாங்கள். ஒரு வீடியோ வந்ததா? இந்தத் தங்கச்சி வகுப்பு எடுத்த தோட்டம் எங்கள் மண்டபத்துக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. ஒரு நாள் வந்து “அண்ணா, நீங்களும் வகுப்பு நடத்துகிறீர்களாமே” என்று கேட்டதில்லை. மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்தது 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு அன்று, முப்பது பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த நாள் கழகம் கழகமாக டீ சேர்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். அதற்கு முன் வருடக்கணக்காக அந்தச் சனம் குப்பை லொறியை மறித்துப் போராடியபோது எந்த டீ சேர்ட் வந்தது? எனக்குப் பேச்சு வேண்டாம். சான்றிதழ் வாங்கினாரா, இல்லையா?

ஹட்டன் பொடியன்:
அண்ணா, நீங்கள் சான்றிதழையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், வீடியோவின் நடுப்பகுதியை யாரும் பார்க்கவில்லைப் போல. அந்தத் தோட்டத்து வீடுகளை உடைத்து மாடி வீட்டுக்கு ஏற்றப் போவதாக ஒரு கதை. யார் யார் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டால் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) விண்ணப்பம் எழுதினார்கள். தருகிறோமா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். பதில் வந்தது தனிச் சிங்களத்தில். அதைத் திருப்பி அனுப்பி, தமிழும் ஆட்சிமொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று, தமிழில் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த விண்ணப்பத்தை அந்தப் பிள்ளை எழுதவில்லை, தோட்டத்து அம்மாமார் இரண்டு பேர் தாங்களே எழுதிக் கையெழுத்து வைத்தார்கள். நான் வெள்ளவத்தையில் புடவைக் கடையில் வேலை செய்கிறவன். என் ஊரில் லயத்துக்கு, தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, வந்து போர்வை கொடுத்துப் படம் பிடித்துப் போனவர்களைக் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். படிவம் எழுதச் சொல்லிக் கொடுத்தவர்களைப் பார்த்ததில்லை.

மட்டக்குளியான்:
தம்பி, ஆர்.டி.ஐ. எனக்குப் புதிதில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபையை 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுபோன காலத்தில் இந்தப் பகுதிச் சனம் வீட்டுப் பிரச்சினையில் பட்ட பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், அப்போது இந்தச் சட்டமே இல்லை. நல்ல வேலை செய்தார்கள் என்றால் செய்யட்டும். நல்ல வேலை செய்தவருக்கு எதற்கு “வாங்கவில்லை” என்று ஒரு பொய்?

கம்பஸ்காரி:
பொய் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை தந்தது? அலுமாரியில் கிடக்கிறது என்றேனே!

மட்டக்குளியான்:
அலுமாரியைப் படம் பிடித்துப் போடுங்கள்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
இந்த விவாதத்தைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. மாணவர் சேவை என்பது நேற்று வட்ஸ்அப்பில் பிறந்தது போலக் கதைக்கிறீர்கள். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் தொடங்கியது, ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்நின்றார்கள், பிறகு அதுவே வாலிபர் காங்கிரஸ் ஆனது. சாதி பார்க்காமல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சமமாக இருக்க வேண்டும், ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும் என்று ஊரையே எதிர்த்து நின்றார்கள். 1927இல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்கள்தான். ஒருவருக்கும் யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. தெற்கே பார்த்தால் சர்வோதய இயக்கம். 1958இல் ஆரியரத்ன, நாளந்தா கல்லூரி ஆசிரியர், தன் மாணவர்களைக் கனதொலுவ என்ற ஒதுக்கப்பட்ட கிராமத்துக்குச் சிரமதானத்துக்கு, அதாவது கூலி வாங்காமல் உடலுழைப்புக் கொடுக்க, கூட்டிக்கொண்டு போனதில் இருந்து வளர்ந்தது அது. மண்வெட்டி பிடித்த பிள்ளைகள் அந்தக் கிராமத்தவர்களோடு தங்கி, அவர்களோடு சாப்பிட்டார்கள். வளர்ச்சி என்றால் அது. இன்றைய பிள்ளைகளுக்கு மைக் வேண்டும்.

ஹட்டன் பொடியன்:
சேர், மரியாதையோடு கேட்கிறேன், எதை எடுத்தாலும் யாழ்ப்பாணத்தில் 1924 என்றுதான் தொடங்குவீர்களா? 2018 ஒக்டோபரில் மலையகப் பெடியன்மார் கறுப்புச் சட்டை போட்டுக் காலிமுகத்திடலில் கூடினோம், தோட்டத் தொழிலாளிக்கு 1000 ரூபா நாட்சம்பளம் கேட்டு. கடையில் வேலை செய்கிறவர்கள், கம்பஸ் பிள்ளைகள், கொம்பனியில் இருக்கிறவர்கள் என்று கலந்து நின்றோம். நான் முதலாளியிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் போனேன். அந்த 1000 வந்தது 2021இல், அதுவும் 900 அடிப்படை, 100 கொடுப்பனவு என்று பிரித்து வர்த்தமானியில். உங்கள் சமபந்திக்காரரின் பேரப்பிள்ளைகள் அன்றைக்கு எங்கே நின்றார்கள்? வெள்ளவத்தைக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் தனிக் கோப்பை வைக்கிற வீடுகள் இருக்கின்றன சேர்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தம்பி, வரலாறு சொன்னால் உமக்குக் கோபம் வருகிறது. நான் யாரையும் தாழ்த்தவில்லை. தனிக் கோப்பை என்று பொத்தாம் பொதுவாக எழுதுவது அபாண்டம்.

ஹட்டன் பொடியன்:
அபாண்டமா? அடுத்த ஞாயிறு வாருங்கள், நான் வேலை செய்கிற தெருவில் பின்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.

வெள்ளவத்தை வாசி:
சேவைக்கும் நீதிக்கும் வித்தியாசம் பற்றிக் கேட்டிருந்தேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. வெள்ளவத்தையை மட்டும் எல்லாரும் திட்டுகிறீர்கள்.

மட்டக்குளியான்:
வெள்ளவத்தை என்றதும் ஞாபகம் வந்தது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைக்குச் சாமான் ஏற்ற நான் லொறி பிடித்துக் கொடுத்தேன். உங்கள் பக்கத்துப் பழைய மாணவர் சங்கம் ஒன்று, பெயர் வேண்டாம், வாடகை தாங்கள் தருவதாகச் சொன்னது. பதாகை லொறியின் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் கட்டினார்கள், நம்பர் பிளேட்டே தெரியவில்லை, பொலிஸ் வேறு மறித்தது. வாடகை இன்றைக்கு வரை வரவில்லை. லொறிக்காரர் எங்கள் ஒழுங்கையில்தான் இருக்கிறார், கண்டால் நான் அடுத்த ஒழுங்கையால் போகிறேன். சேவை செய்கிறவர்களின் வாக்குக்கு என்ன மதிப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் சொல்கிறேன், பெரிய பெரிய வசனம் வேண்டாம், சின்ன விஷயத்தில் உண்மை பேசினால் போதும். வாங்கினாரா, இல்லையா?

வெள்ளவத்தை வாசி:
அந்தச் சங்கத்தில் நானும் இருந்தேன். பில் தந்தால் பணம் தருவதாகத்தான் சொன்னோம். நீங்கள் பில் தரவே இல்லை.

மட்டக்குளியான்:
ஓ, நீங்களா? பில் தந்தேன், உங்கள் பொருளாளர் கையில். பிரதி என்னிடம் இருக்கிறது, லமினேட் பண்ணி வைத்திருக்கிறேன்.

கம்பஸ்காரி:
பத்து வருடமாக லமினேட் பண்ணி வைத்திருக்கிறீர்களா? அப்போ செய்த சேவைக்கு உங்களிடமும் ஒரு சான்றிதழ் இருக்கிறது அண்ணா.

மட்டக்குளியான்:
தங்கச்சி, அது பில். வரவேண்டிய காசுக்கு வைத்திருக்கிறேன், வெளிநாட்டுக் கம்பஸுக்கு அனுப்ப இல்லை. உங்கள் பட்ச்மேட் விஷயத்துக்கு வாருங்கள். படத்தில் பொன் நிறக் கரை தெளிவாகத் தெரிகிறது.

கம்பஸ்காரி:
தெளிவாகத் தெரியட்டும். அவள் இந்தத் திரியை வாசித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? “அவர் வகுப்பு எடுக்கிற கோயில் மண்டபம் எது என்று கேள், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்புப் புத்தகம் எங்களிடம் மிச்சம் இருக்கிறது” என்றாள். நான்தான் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மட்டக்குளியான்:
புத்தகம் கொடுத்து வாயை அடைக்கப் பார்க்கிறீர்களா? எங்களிடம் புத்தகம் இருக்கிறது. அனுப்புவதென்றால் ஓ.எல். கணக்குப் புத்தகம் அனுப்பச் சொல்லுங்கள், அதுதான் பற்றாக்குறை. ஆனால் அதை அனுப்பிவிட்டு அடுத்த மேடையில் “மட்டக்குளிக்குப் புத்தகம் கொடுத்தேன்” என்று பேசக்கூடாது.

பாமன்கடை அம்மா:
யாரும் கழகத்தின் பெயரைச் சொல்லவில்லையே. இன்பொக்ஸில் போட்டாலும் பரவாயில்லை.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
தனிக் கோப்பை என்று எழுதியதை அந்தத் தம்பி மீளப்பெற வேண்டும். அதுவரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஹட்டன் பொடியன்:
நல்லது சேர்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:
“நல்லது” என்பதன் தொனி எனக்கு விளங்குகிறது.

வெள்ளவத்தை வாசி:
மட்டக்குளி அண்ணா, பொருளாளர் 2019இல் கனடா போய்விட்டார். பில்லைப் படம் பிடித்து அனுப்புங்கள், கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் லொறி அரை நாள்தான் ஓடியது, முழு நாள் வாடகை போட்டிருந்தால் தர மாட்டோம்.

மட்டக்குளியான்:
அரை நாளா? விடியற்காலை ஆர்மர் வீதியில் ஏற்றத் தொடங்கி, இரவு கொலன்னாவையில் தண்ணீருக்குள் சில்லு புதைந்து, சனம் கூடித் தள்ளிவிட்ட லொறி அது. உங்கள் ஆட்கள் படம் எடுத்துக்கொண்டு பகல் சாப்பாட்டோடு போய்விட்டார்கள், அதனால் உங்களுக்கு அரை நாள். நாளைக்கு லொறிக்காரரையே இங்கே எழுதச் சொல்கிறேன், அவருடைய மகன் போனில் தமிழில் டைப் பண்ணுவான்.