பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு முதலில் எது: இரண்டாவது பேட்டரியா, பெரிய ஆல்டர்னேட்டரா?

காங்கேயம்_டீசல்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2017 மாடல் டீசல் வண்டி, ஏழு பேர் அமரலாம். இன்ஜின் சுழற்ற மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் 120 ஆம்பியர், பேட்டரி 65 ஆம்பியர்-மணி, இரண்டும் வண்டியோடு வந்தவை. பேஸ் தரும் சப்வூஃபருக்கு 1500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் அளவு) கிளாஸ்-டி வகை ஆம்ப்ளிஃபையரும், கதவு ஸ்பீக்கர்களுக்கு 300 வாட் கிளாஸ்-ஏபி ஒன்றும் பொருத்தியிருக்கிறேன். ஓட்டும்போது குறையில்லை. திருப்பூர் சிக்னலில் நிற்கும்போது பேஸ் விழுந்தால் முகப்பு விளக்கு மங்குகிறது. ஆம்ப்ளிஃபையர் முனையில் மீட்டர் வைத்தால், பாட்டு இல்லாதபோது 14.1 வோல்ட், பேஸ் அடிக்கும்போது 11.8. ஞாயிறு மாலைகளில் தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) இன்ஜினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பதும் உண்டு. ஈரோட்டுக் கடைக்காரர் ஒருவர் இரண்டாவது பேட்டரி போதும் என்கிறார். கோவையில் ஒருவர் ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர் மின்சாரத்தைச் சேர்த்து வைத்துச் சட்டென்று கொடுக்கும் ஒரு ஃபாரட் கபாசிட்டர் போட்டால் தீரும் என்கிறார். எதை நம்புவது?

பெருந்துறை_ஒலி:
தம்பி, இரண்டாவது பேட்டரியைப் போடுங்கள். கோயில் நோம்பிகளுக்கு ஒலிபெருக்கி கட்டுவதுதான் என் தொழில். பூச்சாட்டிலிருந்து மஞ்சள் நீராட்டு வரைக்கும் வண்டியில் பாட்டு ஓடும், இன்ஜின் ஓடாது. 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடிய வகை ஈயப் பேட்டரி) ஒன்றைப் பின்னால் வைத்து, நடுவில் இன்ஜின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் ரிலே போட்டுவிட்டால் எவ்வளவு கேட்டாலும் ஸ்டார்ட்டிங் பேட்டரி தீராது. வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டரைக் கழற்றவே வேண்டாம். கழற்றினால் பெல்ட், ரெகுலேட்டர், பிராக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்க வேண்டிவரும்.

சிங்காநல்லூர்_வைண்டிங்:
அண்ணா, உங்கள் வேலைக்கு அது சரி. இவர் கேட்பது சிக்னலில் விளக்கு மங்குவதைப் பற்றி. ஆல்டர்னேட்டர் கிணற்று மோட்டார், பேட்டரி மேல்நிலைத் தொட்டி. மோட்டார் இறைப்பதைவிட அதிகமாகத் திறந்துவிட்டால் எத்தனை தொட்டி கட்டினாலும் கடைசியில் காலிதான்.

கணக்கைப் பாருங்கள். கிளாஸ்-டி ஏறக்குறைய 80 சதவீதத் திறனில் வேலை செய்யும். 1500 வாட் தர, 13.8 வோல்ட்டில் 136 ஆம்பியர் இழுக்கும். கிளாஸ்-ஏபி 55 சதவீதம் என்று வைத்தால் 300 வாட்டுக்கு 40 ஆம்பியர். உச்சத்தில் மொத்தம் 175. பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்காது, சராசரி மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் 60. ஏசி, விளக்கு, ரேடியேட்டர் விசிறி எல்லாம் சேர்ந்து இன்னொரு 40. ஆக 100 ஆம்பியர். ஓடும் வண்டியில் 120 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இதைத் தாங்கும். நிற்கும் வண்டியில் தாங்காது.

அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். பலவற்றில் 60/120 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போது, அதாவது ஏறக்குறைய வண்டி நிற்கும்போது தருவது, இரண்டாவது எண் 6000 சுற்றில் தருவது. விற்பவர்கள் இரண்டாவதை மட்டும்தான் சொல்வார்கள். சூடேறிய பின் அதுவும் குறையும்.

பெருந்துறை_ஒலி:
சிக்னலில் நிற்பது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அந்த நேரத்துக்குத்தானே பேட்டரி இருக்கிறது? 40 ஆம்பியர் பற்றாக்குறையை 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நிமிடம் தாங்காதா?

சிங்காநல்லூர்_வைண்டிங்:
தாங்கும், எந்த வோல்ட்டில் என்பதுதான் கேள்வி. ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டில் நிற்கும்வரை ஈயப் பேட்டரி எதையும் தராது, வாங்கிக்கொண்டுதான் இருக்கும். 12.7க்கு அருகில் இறங்கிய பிறகுதான் அது கொடுக்கத் தொடங்கும். விளக்கு மங்குவதே அந்த இறக்கத்தில்தான். உங்கள் பேட்டரி அதற்குக் கீழே போகாமல் பிடிக்கும், 14ஆக வைத்திருக்காது.

சாளைக் கணக்கும் இருக்கிறது. ஞாயிறு மாலை 50 ஆம்பியர்-மணி செலவானால், காங்கேயத்திலிருந்து திருப்பூர் போவதற்குள் அது நிரம்பாது. ஈயப் பேட்டரி கடைசி இருபது சதவீதத்தை மிக மெதுவாகத்தான் ஏற்கும். வாரம் முழுக்க அரைகுறையாகக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டியாகிவிடும். ஏஜிஎம் ஆனாலும் விதிவிலக்கு இல்லை.

பெருந்துறை_ஒலி:
இரவில் வீட்டுச் சார்ஜரைப் போட்டால் போயிற்று. என் டாடா ஏஸில் இருப்பது வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் வகையான 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி, தினமும் அப்படித்தான் ஏற்றுகிறேன். மூன்று மணி நேரம் டீசலை எரித்து, புகையைக் கோயில் வாசலில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பொள்ளாச்சி_தென்னை:
டியூபுலரைத் திறந்த வண்டியில் வைப்பது உங்கள் பாடு. காங்கேயத்துக்காரர் அதைப் பார்த்து வண்டிக்குள் வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் நான்கு சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறி போதும். மேலும் அது மெதுவாகக் கொடுக்கும்படி கட்டிய பேட்டரி. இருபது மணி நேரக் கணக்கில் 7.5 ஆம்பியர் எடுத்தால்தான் 150 முழுதாகக் கிடைக்கும். நூறு ஆம்பியரைச் சட்டென்று உருவினால் வோல்ட் சரிந்துவிடும்.

என் யோசனை லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஓய்வில் 13.2 வோல்ட்டுக்கு மேலேயே நிற்கும். 12.7 வரைக்கும் காத்திருக்காமல் முன்னதாகவே கைகொடுக்கும். எடையும் ஈயத்தில் பாதிகூட இல்லை.

சிங்காநல்லூர்_வைண்டிங்:
ஒலிக்கு அது நல்லதுதான், ஆல்டர்னேட்டருக்குத்தான் ஆபத்து. காலியான லித்தியம் எவ்வளவு கிடைத்தாலும் உறிஞ்சும். 120 ஆம்பியரையும் அரை மணி நேரம் விடாமல் கொடுத்தால் ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டையோடு தட்டு கருகும். அப்படிக் கருகியவை என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. கம்பி சுற்றிய ஸ்டேட்டரைப் பிரித்தால் வார்னிஷ் கறுத்து, கம்பி உதிர்ந்து வரும். லித்தியம் போடுவதானால் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம். இன்ஜின் பக்கம் வைக்கவே கூடாது, வெப்பம் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

காங்கேயம்_டீசல்:
இருக்கும் ஆல்டர்னேட்டரையே தடித்த கம்பியில் கட்டி 200 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறாரே, செய்யலாமா?

சிங்காநல்லூர்_வைண்டிங்:
வேண்டாம். நானே வைண்டிங் கட்டுகிறவன், இருந்தும் சொல்கிறேன். தடித்த கம்பி என்றால் சுற்று குறையும். உள்ளே மூன்று சுருள்களை இணைக்கும் முறையை ஸ்டாரிலிருந்து டெல்டாவாக மாற்றினால் வேகத்தில் 1.73 மடங்கு மின்னோட்டம் வரலாம், ஆனால் சார்ஜ் தொடங்கும் வேகமும் அதே அளவு ஏறிவிடும். நெடுஞ்சாலையில் அள்ளிக் கொடுக்கும், சிக்னலில் இப்போது வருவதும் வராது. உங்கள் குறையே சிக்னலில்தான்.

வாங்குவதானால், ஐட்லிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) எத்தனை ஆம்பியர் என்று எழுதித் தருகிறவரிடம் வாங்குங்கள். 200 ஆம்பியர் 14 வோல்ட்டில் என்றால் 2.8 கிலோவாட். ஆல்டர்னேட்டரின் திறன் 55 சதவீதம் என்றால் இன்ஜின் ஐந்து கிலோவாட் தர வேண்டும், ஏறக்குறைய 7 எச்பி. அதை இழுக்க பெல்ட்டும் டென்ஷனரும் சரியாக இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி_தென்னை:
2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பலவற்றில் வோல்ட்டை முடிவு செய்வது இன்ஜின் கணினி. சீராக ஓடும்போது வேண்டுமென்றே இறக்கிவிட்டு, ஆக்சிலேட்டரை விடும்போது ஏற்றும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருந்தால், ஆம்ப்ளிஃபையரின் எர்த்தை நேராகப் பேட்டரி முனையில் மாட்டாதீர்கள், பாடியில் மாட்டுங்கள். இல்லையென்றால் கணினிக்கு அந்தக் கணக்கே தெரியாது.

ஈரோடு_மல்டிமீட்டர்:
எல்லோரும் பொருளை வாங்கச் சொல்கிறீர்கள், ஒருவர்கூட வயரைக் கேட்கவில்லை. காங்கேயம், பேஸ் அடிக்கும் அதே நேரத்தில் பேட்டரி முனையில் எத்தனை வோல்ட்?

காங்கேயம்_டீசல்:
இப்போதுதான் பார்த்தேன். பேட்டரியில் 12.7, ஆம்ப்ளிஃபையரில் 11.8. வயர் பெட்டியோடு வந்தது. சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கிறது.

ஈரோடு_மல்டிமீட்டர்:
அது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். மின்சாரம் கடத்துவதில் செம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். 0.9 வோல்ட் வயரிலும் எர்த்திலும் போகிறது. 50 சதுர மில்லிமீட்டர் முழுச் செம்பு வெல்டிங் கேபிள் வாங்குங்கள். ஐந்து மீட்டருக்கு 120 ஆம்பியரில் 0.2 வோல்ட் அளவுதான் இழப்பு. அதே கேபிளில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கும், இன்ஜின் பிளாக்கிலிருந்து பாடிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் மூன்று துண்டு போடுங்கள். பாடியில் பெயிண்டைச் சுரண்டி, கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்துங்கள். சுத்தியலால் அடித்துச் சப்பையாக்கிய லக் மூன்று மாதத்தில் தளர்ந்து சூடாகும்.

கபாசிட்டரை மறந்துவிடுங்கள். ஒரு ஃபாரட் 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது தருவது 26 ஜூல். ஆயிரம் வாட்டுக்கு அது ஒரு வினாடியில் நாற்பதில் ஒரு பங்குக்குத்தான் வரும்.

சிங்காநல்லூர்_வைண்டிங்:
வயர் விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனாலும் பேட்டரி முனையிலேயே 12.7 என்றால் ஆல்டர்னேட்டர் அந்த நேரத்தில் கையை விரித்துவிட்டது என்றுதான் பொருள். வயரை மாற்றினால் ஆம்ப்ளிஃபையருக்கு 12.5 கிடைக்கும், 14 கிடைக்காது.

பெருந்துறை_ஒலி:
12.5 வந்தால் யார் காதுக்குக் குறை தெரியப்போகிறது? ஆல்டர்னேட்டருக்குப் போகும் பணத்தில் நல்ல ஏஜிஎம்மும் சார்ஜரும் வாங்கிவிடலாம். சாளையில் நிம்மதியாகப் பாட்டும் கேட்கலாம்.

காங்கேயம்_டீசல்:
முதலில் கேபிளை மாற்றிவிட்டு மறுபடி அளக்கிறேன். சாளைக்கு ஏஜிஎம்மும் வீட்டுச் சார்ஜரும் வாங்குவதாக இருக்கிறேன். ஆல்டர்னேட்டரைச் சிக்னல் அளவைப் பார்த்து முடிவு செய்வேன்.

ஈரோடு_மல்டிமீட்டர்:
ஏஜிஎம் பின்னால் வந்தால் அந்தக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் மின்சாரம் இருக்கும். ஆகவே ஃபியூஸ் இரண்டு வேண்டும், ஒவ்வொரு பேட்டரியிலிருந்தும் அரை மீட்டருக்குள். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள்.