10 செ.மீ. குவார்ட்ஸ் குவெட் (ஒளி உறிஞ்சலை அளக்க மாதிரியை ஊற்றும் சிறு கலம்) யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். சிங்கப்பூரின் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் எடுத்த கடல்நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளை, அது ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதை வைத்து ஆராய்கிறேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திராவின் கரிச்சதுப்பு நிலங்களில் ஊறிய நீர் நம் சிங்கப்பூர் நீரிணை வரை வருகிறது. ரொம்பத் தண்ணீர் கலந்த தேத்தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

0.2 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 1 செ.மீ. குவெட்டில் அளக்கிறேன். 254 நானோமீட்டர் அலைநீளத்தில் பிரச்சினை இல்லை. 275–295 சரிவும் (அலைநீளம் கூடக்கூட உறிஞ்சல் குறையும் வேகம்) பரவாயில்லை. 350–400 பக்கம் போனால்தான் வெறும் இரைச்சல். ஒரே மாதிரியை மூன்று தடவை அளந்தால் மூன்று விடை. அப்புறம் இந்த இரண்டு பகுதிகளின் சரிவு விகிதத்தை எப்படி நம்புவது? கரிமப் பொருள் ஏறக்குறைய ஒளியை உறிஞ்சாத 700–750 பகுதியின் சராசரியைக் கழித்தேன். அடிக்கோடு நேரானது, இரைச்சல் அப்படியே இருக்கிறது. இருக்கத்தானே செய்யும்!

ஒளி போகும் தூரத்தைக் கூட்டுவதுதான் வழி என்று தோன்றுகிறது. ஒரு வாரத்துக்கு 10 செ.மீ. குவெட் இரவல் கிடைக்குமா? குவார்ட்ஸ்தான் வேண்டும், சாதாரணக் கண்ணாடி புறஊதாவை விழுங்கிவிடும். இன்னொன்று: ஒப்பீட்டுக்குச் சுத்த நீரே போதுமா, அதே உப்பளவில் கரைசல் தயாரிக்க வேண்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். மாதிரிகள் குளிர்பெட்டியில் காத்திருக்கின்றன.