நீல் தீவில் எடுத்த வரிமீன் படங்கள்: ஒரே சிற்றினமா, மூன்றா?

பனசங்கரிவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஜனவரியில் குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தபோது, இப்போது ஷஹீத் தீவு என்று பெயர் மாறியிருக்கும் நீல் தீவில், படகுத்துறைத் தூண்களைச் சுற்றித் திரிந்த சிறு மீன்களை, நீர் புகாத உறைக்குள் வைத்த கைப்பேசியால் நாற்பது படங்கள் வரை எடுத்தேன். பெங்களூரு திரும்பி, அவற்றைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் குழப்பம் தொடங்கியது. எல்லாமே உள்ளங்கையளவு மீன்கள். வெளிறிய உடலில் மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டைகள். ஆனால் சிலவற்றின் முதுகு மஞ்சளாக இருக்கிறது, சிலவற்றில் மஞ்சளே இல்லை. இரண்டொரு படங்களில் பட்டைகள் ஐந்துக்குப் பதிலாக ஆறோ ஏழோ தேறுகின்றன. மஞ்சள் முதுகு ஆணுக்கு உரியது என்று நானாக ஊகித்துக்கொண்டேன். எங்களைக் கூட்டிப்போனவர் எல்லாவற்றையும் 'சார்ஜன்ட்' என்ற ஒரே பெயரால் அழைத்தார். படத்தைக் காட்டினால் பெயர் சொல்லும் செயலி ஒன்று, நாற்பதுக்கும் 'அபுடெஃப்டஃப் சாக்ஸாட்டிலிஸ்' (முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம்) என்றே விடை தந்தது. எந்த அடையாளத்தை முதலில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

முள்ளெண்ணி எழுதியது:

நண்பரே, செயலி தந்த விடையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட சாக்ஸாட்டிலிஸ், அட்லாண்டிக் பெருங்கடலைச் சேர்ந்த மீன். நம் பக்கத்துக் கடல்களில் அதற்கு உடன்பிறப்பைப்போல் தோன்றும், அதே பேரினத்தைச் சேர்ந்த வைகியென்சிஸ் நெடுங்காலம் அதே பெயரில் எழுதப்பட்டு வந்ததால், பழைய பட்டியல்களிலும் இந்தப் பிழை உண்டு. செயலியை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

பட்டைகளை எண்ணுவதற்கு முன் வாலைப் பாருங்கள். கவட்டை வாலின் மேல் மடலிலும் கீழ் மடலிலும் நீளவாக்கில் ஒவ்வொரு கறுப்புக் கோடு ஓடி, விரித்துவைத்த கத்தரிக்கோலைப்போல் தெரிந்தால், அது செக்ஸ்ஃபாசியாட்டஸ். லத்தீன் பெயருக்கு ஆறு பட்டை என்று பொருள் இருந்தாலும் உடலில் ஐந்துதான் எண்ண வரும், ஆகவே பெயரை நம்பி எண்ணத் தொடங்கினால் வழி தவறிவிடும். வாலில் கோடு இல்லாமல், ஐந்து பட்டைகளும் முதுகில் மஞ்சளும் இருந்தால், அது வைகியென்சிஸ். இந்தோனேசியாவின் வைகியோ தீவை வைத்து 1825-இல் சூட்டப்பட்ட பெயர் அது. உங்களுடைய ஆறேழு பட்டை மீன்கள் பெங்காலென்சிஸாக இருக்கலாம். அதன் பட்டைகள் மெல்லியவை, வால் மடல்களின் நுனி கூராக இல்லாமல் மழுங்கி உருண்டிருக்கும். ஜெர்மானிய மீனியலாளர் பிளாக் அதை விவரித்தது 1787-இல்.

ஆண், பெண் என்ற உங்கள் ஊகம் பொருந்தாது. வைகியென்சிஸ் ஆண், பாறையில் ஒட்டிய முட்டைகளைக் காவல் காக்கும் நாட்களில் நீலம் ஏறித் தோன்றும். மற்றபடி மஞ்சள் முதுகு இருபாலுக்கும் உரியது. அதோடு, ஒளி குறைந்த தூண் நிழலில் எடுத்த படத்தில் மஞ்சள் மங்கிச் சாம்பலாகத் தெரிவதும் உண்டு. நிறத்தை நான் எப்போதும் கடைசிச் சாட்சியாகத்தான் கூப்பிடுவேன்.

சிவாஜிநகர் உப்புநீர் எழுதியது:

முள்ளெண்ணி ஐயா முள்ளைப் பற்றி ஒன்றும் சொல்லாதது வியப்பாக இருக்கிறது. ஒருவேளை வேண்டுமென்றே விட்டிருப்பார், ஏனென்றால் இங்கே அது உதவாது: மேலே சொன்ன மூன்றுக்கும் முதுகுத்துடுப்பில் பதின்மூன்று முட்களே. ஆனால் குடும்பத்தை உறுதிசெய்ய முள் உதவும். குதத்துடுப்பில் இரண்டு முட்கள் இருந்தால், இந்த மீன்கள் சேர்ந்த 'டாம்செல்' மீன் குடும்பம். இதே வரிகளோடு ஏமாற்றக்கூடிய வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு மூன்று அல்லது அதற்கு மேல் இருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், மேல்புறத்தில் சேணம் வைத்ததுபோல் கரும்புள்ளி இருந்து, பட்டைகளும் அகலமாக இருந்தால், அது இதே பேரினத்தின் இன்னொரு சிற்றினமான சார்டிடஸ். நான்கு ஆண்டுகளுக்கு முன், ரூபாய் நாணயமளவு குஞ்சு ஒன்றைக் கடைக்காரர் ஒருவர் 'சாதுவான ஸீப்ரா' என்று சொல்லி எனக்கு விற்றார். வாங்கும்போது அந்தப் புள்ளியை நான் கவனிக்கவில்லை. எட்டே மாதத்தில் அது தொட்டியின் பாதியைத் தன் சொத்தாக்கிக்கொண்டு, மற்ற மீன்களின் துடுப்புகளைக் கிழித்துத் தொங்கவிட்டது. அதற்கு மட்டும் தனியாக நாலடித் தொட்டி வாங்கியது வேறு கதை.

பனசங்கரிவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு வாலை மட்டும் பார்த்து எல்லாப் படங்களையும் மறுபடி பிரித்தேன். இருபத்திரண்டு படங்களில் வால் கோடு தெளிவாக இருக்கிறது. பதினொன்றில் கோடு இல்லை, அவற்றில் ஒன்பதில் மஞ்சள் தெரிகிறது. நான் வியந்து பார்த்த ஏழு பட்டை மீன் இரண்டே படங்களில்தான் உள்ளது, இரண்டிலும் வால் மடல் உருண்டே இருக்கிறது. மீதி ஐந்தில் மீன் என்னை நோக்கி வந்துகொண்டிருப்பதால் வாலே தெரியவில்லை. அந்த ஐந்துக்கும் என்ன பெயர் எழுதுவது?

முள்ளெண்ணி எழுதியது:

'அபுடெஃப்டஃப்' என்று பேரினத்தோடு நிறுத்திவிடுங்கள், அது பிழையில்லாத விடை. கோடும் மஞ்சளும் இல்லாத அந்த இரண்டு படங்களையும் இங்கே பதிவிடுங்கள். உடல் கறுத்து, வெளிர் கோடுகள் மெல்லியதாக ஓடி, வால் மஞ்சளாக இருந்தால் உடனே சொல்லுங்கள்: அது நோட்டாட்டஸ். இந்திய மீன்களை ஆராய்ந்த ஃபிரான்சிஸ் டே 1870-இல் அதை விவரித்தது, நீங்கள் நீந்திய அதே அந்தமானில் கிடைத்த மீனை வைத்துத்தான்.