இவ்வளவு குறைந்த எடைக்கே தொடை இப்படி எரியுமா?

முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு ஆபரேஷன் முடிந்து எட்டு வாரம் ஆகிறது. பிசியோ என் தொடையின் மேல்பகுதியில் பிபி பார்க்கிற பட்டை மாதிரி ஒன்றைக் கட்டி, காற்றடித்து, ரத்த ஓட்டத்தைக் கொஞ்சம் மறித்துவிட்டுக் காலை நீட்டி மடக்கச் சொல்கிறார். ஜப்பானில் யோஷியாகி சாட்டோ ‘காட்சு’ என்று தொடங்கிவைத்த முறை. முதலில் 30 தடவை, அப்புறம் 15, 15, 15, நடுவில் 30 விநாடிதான் ஓய்வு, அப்போதும் பட்டையைத் தளர்த்துவதில்லை.

எடை என்னவோ என்னால் தூக்க முடிந்ததில் கால்வாசிதான். ஆனால் மூன்றாவது சுற்றில் தொடை திகுதிகுவென்று எரிந்து, கால் பாதியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளே போன ரத்தம் திரும்ப வழியில்லாமல் கழிவோடு தேங்குவதால் தசை சீக்கிரம் சோர்கிறது, அது புரிகிறது.

என் சந்தேகம் வேறு. கடைசிச் சுற்றில் 9க்கு மேல் முடியவில்லை, அங்கேயே நிறுத்தலாமா, இல்லை அழுத்தத்தைக் குறைக்கச் சொல்ல வேண்டுமா? என் காலுக்கு எவ்வளவு அழுத்தம் என்று டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் கண்டறியும் கருவி) வைத்துப் பார்க்கவே இல்லை, வருகிற எல்லாருக்கும் ஒரே எண்தான். நேற்று பாதம் மரத்துப்போய், பட்டையைக் கழற்றிய பிறகுதான் சரியானது. எரிச்சல் சரி, மரத்துப்போவதும் வழக்கம்தானா?

இதைச் செய்தவர்கள், பிசியோக்கள் யாராவது சொல்லுங்கள். வீட்டிலேயே எலாஸ்டிக் துணியை இறுக்கிக் கட்டிச் செய் என்கிற யோசனை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.