பொருள்: மறு: மறு: சில்லிங் எஃபெக்ட் – தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது

முத்தியால்பேட்டை, திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம்.

நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்கு எங்கள் மாலை வகுப்பு சார்பில் முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு கையேடு போடுகிறோம். அரசு நம் போனை ஒட்டுக்கேட்கலாமா, எப்போது கேட்கலாம், யார் அனுமதி தர வேண்டும் என்பதுதான் விஷயம். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம், 1996 ஒட்டுக்கேட்புத் தீர்ப்பு, 2017 அந்தரங்க உரிமைத் தீர்ப்பு எல்லாம் எழுதியாகிவிட்டது. ஒட்டுக்கேட்பு, இடைமறிப்பு, கண்காணிப்பு என்ற சொற்களில் சண்டை இல்லை. முட்டுவது ஒன்றே ஒன்று, சில்லிங் எஃபெக்ட் (chilling effect) என்ற ஆங்கிலச் சட்டச்சொல். பதினோரு இடத்தில் வருகிறது.

நேற்று 'குளிர்விக்கும் விளைவு' என்று பலகையில் எழுதினேன். பின்வரிசைப் பெரியவர் ஒருவர், "நல்லதுதானேம்மா" என்றார். அவர்மேல் தப்பில்லை. நமக்கு மனம் குளிரும், வயிறு குளிரும், கண்குளிரப் பார்ப்போம். ஆடியில் அம்மனுக்கே கூழ் ஊற்றிக் குளிரவைக்கிற ஊர் இது. இங்கே குளிரைச் சொல்லி யாரையும் பயமுறுத்த முடியாது.

அரசு பார்க்கிறது என்ற நினைப்பிலேயே, சட்டப்படி பேசக்கூடியதையும் ஒருவர் பேசாமல் விடுவது. இதற்கு ஒரு சொல் கொடுங்கள்.

லாஸ்பேட்டை, திங்கள் மதியம்

தன்தணிக்கை. ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, தலைப்பிலும் அடங்கும். அடுத்த வேலையைப் பாருங்கள் அக்கா.

மஞ்சக்குப்பம், திங்கள் இரவு

தம்பி, தன்தணிக்கை என்பது பேசாமல் விட்டவர் செய்வது. அக்கா கேட்பது, அவரை அப்படிச் செய்யவைத்த சட்டம் செய்வது. முதல் சொல்லைப் போட்டால் பழி வாய்மூடியவர் தலையில் விழும். 2015இல், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, பிரிவின் சொற்கள் தெளிவில்லாமல் அகலமாக இருப்பதால் குற்றமில்லாத பேச்சும் சேர்ந்து அடங்கிவிடும் என்றுதான் பார்த்தது. குறை சட்டத்தில்.

கரக் சிங் வழக்கு கையேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் சேருங்கள். உத்தரப் பிரதேசத்தில் ஒரு கொள்ளை வழக்கில் ஆதாரமில்லாமல் விடப்பட்டவர் அவர். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு, அதாவது கண்காணிக்க வேண்டிய ஆள் என்று குறித்துவைக்கும் ஏடு, திறந்துவிட்டது. ராத்திரியில் வந்து கதவைத் தட்டுவார்கள், ஆள் இருக்கிறாரா என்று எழுப்பிப் பார்ப்பார்கள். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த இரவுத் தட்டலை மட்டும் செல்லாது என்றது. வீட்டைச் சுற்றி நோட்டம் விடுவது, பின்தொடர்வது எல்லாம் பெரும்பான்மைத் தீர்ப்பில் தப்பித்துக்கொண்டன. காலைக் கட்டவில்லையே, பிறகு நடமாடும் சுதந்திரம் எப்படிக் கெடும் என்பது வாதம். நீதிபதி சுப்பா ராவ் ஒப்பவில்லை. பின்னால் ஒருவன் வருகிறான் என்று தெரிந்தால் மனதுக்குள்ளேயே விலங்கு விழுந்துவிடும் என்பது அவர் பார்வை. நீதிபதி ஷாவும் அவரோடு சேர்ந்தார். அந்தச் சிறுபான்மைப் பார்வை சரிதான் என்று ஒன்பது நீதிபதிகள் சொல்ல 2017 வரை ஆனது.

அந்த விலங்குக்குத்தான் இப்போது பெயர் தேடுகிறோம். என் ஓட்டு: அச்சவிளைவு. கோர்ட்டில் ஒரு தடவை சொன்னால் புரியும்.

திருப்பாதிரிப்புலியூர், செவ்வாய் அதிகாலை

வக்கீல் தம்பிக்கு வாழ்த்து. ஆனால் வெறும் அச்சம் போதாது. பாம்பைக் கண்டாலும் அச்சம், பேயைக் கண்டாலும் அச்சம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நிலைக்களனை நான்காகப் பகுத்தார்: "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே." பேய், விலங்கு, திருடன், நான்காவது அரசன். திருடனுக்கு அடுத்த இருக்கையில் அரசனை உட்கார வைத்த துணிச்சலைக் கவனியுங்கள். ஆகவே இறையச்சம் என்றே சொல்லலாம். இரண்டாயிரம் ஆண்டுச் சொத்து, கடன் வாங்க வேண்டியதில்லை.

பரங்கிப்பேட்டை, செவ்வாய் காலை

ஐயா, கையேட்டை எங்கள் ஊர்ப்பக்கம் கொண்டுவந்துவிடாதீர்கள். இறையச்சம் வளர வேண்டும் என்று வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசல் பயானில் (சொற்பொழிவில்) கேட்கிறோம். நீங்கள் அதை ஒழிக்க வேண்டும் என்று நோட்டீஸ் போட்டால் என்ன ஆகும்?

திருப்பாதிரிப்புலியூர், செவ்வாய் காலை

நியாயம். வாபஸ்.

அப்படியென்றால் கூம்பல். குறுந்தொகை 122இல் "குண்டுநீர் ஆம்பலும் கூம்பின" என்று வருகிறது. மலர் தானே இதழ் மூடிக்கொள்வது கூம்புதல். யாரும் பிடித்து மூடுவதில்லை. குவி, கூப்பு, கும்பிடு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. அதிகாரத்தின் முன் கும்பிட்டு நிற்பதும் கூம்பலே! பாய்மரத்துக்கும் கூம்பு என்று பெயர். புறநானூறு 30ஆம் பாட்டில் "கூம்பொடு மீப்பாய் களையாது" பெருங்கலம் துறைக்குள் வருகிறது. நம் கடலூர்த் துறைமுகத்தில் பாய்மரத்தை இன்றும் என்னவென்று சொல்கிறார்கள் என விசாரிக்க ஆள் அனுப்பியிருக்கிறேன்.

லாஸ்பேட்டை, செவ்வாய் மதியம்

கொக்கொக்கக் கூம்பச் சொல்கிறாரே வள்ளுவர், ஐயா? அந்தக் கொக்கு பயந்தா நிற்கிறது? மீனைக் குத்தக் காத்துக்கொண்டு நிற்கிறது. தவிர, கூம்பு என்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடமும் ஐஸ்கிரீமும்தான் தெரியும்.

பாகூர், செவ்வாய் இரவு

எதற்கு இத்தனை பாடு? சில்லிங் எஃபெக்ட் என்றே எழுதுங்கள். டவுன்ஹாலை நாம் பிரெஞ்சில் மேரி என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம், புதுச்சேரி என்ன பிரெஞ்சுக்குப் போய்விட்டதா? குளிரையும் அவசரப்பட்டு விரட்டாதீர்கள். "அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு" என்கிறோமே, அங்கே குளிர் என்றால் பயம்தானே?

முத்தியால்பேட்டை, புதன் காலை

பாகூர்க்காரர் சொன்னது தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஆனால் குளிர் விட்டுப்போச்சு என்பதை யார் யாரைச் சொல்கிறார்கள் என்று பாருங்கள். வாத்தியார் பையனைச் சொல்வார், முதலாளி வேலையாளைச் சொல்வார். பயம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைப்பவர் வாயில் வருகிற சொல் அது. உரிமைக் கையேட்டில் அதை எப்படி வைப்பது?

வகுப்புக்கு வருகிற ஒரு மீனவர் நேற்று ஒரு நோட்டைக் காட்டினார். குடிதண்ணீர் கேட்டு மனு, நாற்பது கோடு போட்ட நோட்டு, பக்கம் நிறையக் கையெழுத்து. கூட்டம் நடந்தபோது ஒரு காவலர் வந்து போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போனாராம். ஒரு வார்த்தை பேசவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. மறுநாள் நோட்டில் ஐந்து பெயர் நீல மையில் அடிக்கப்பட்டிருந்தது. அடித்தவர்கள் அந்த ஐந்து பேரேதான். ஒரு பெயரை எழுத்தே தெரியாதபடி அடித்து, தாள் அந்த இடத்தில் கிழிந்திருந்தது.

இதற்குச் சொல் வேண்டும் எனக்கு.

நெய்வேலி, புதன் மாலை

வணக்கம், குழுவுக்குப் புதிது. தொட்டாற்சுருங்கியை எல்லோருக்கும் தெரியும். அக்கா சொன்ன நோட்டில் யாரும் யாரையும் தொடவே இல்லை, ஆனாலும் சுருங்கிவிட்டார்கள். அப்படியானால் தொடாச்சுருக்கம் என்று சொன்னால் என்ன?

மஞ்சக்குப்பம், புதன் இரவு

அட! இதில் எனக்கு இன்னொன்றும் பிடிக்கிறது. அச்சம் மனதுக்குள் இருப்பது, அதை நிரூபிக்க முடியாது. அமெரிக்காவில் ராணுவம் பொதுமக்களை வேவு பார்த்த வழக்கில், 1972இல், எங்களுக்குப் பயமாயிருக்கிறது என்பது மட்டும் வழக்குத் தொடுக்கப் போதாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சுருங்கியதைக் காட்டலாம். 2013இல் அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை ஸ்னோடன் அம்பலப்படுத்திய பிறகு, பயங்கரவாதம் தொடர்பான விக்கிப்பீடியாக் கட்டுரைகளைப் பார்ப்பவர்கள் குறைந்தார்கள் என்று ஓர் ஆய்வு காட்டியது. கிழிந்த தாளையும் காட்டலாம். என் அச்சவிளைவை நானே பாதி கைவிடுகிறேன்.

லாஸ்பேட்டை, புதன் இரவு

'தீர்ப்பின் சுருக்கம்' என்று பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கிறீர்களே அக்கா, அதற்குப் பக்கத்தில் தொடாச்சுருக்கமா? படிப்பவர் ஏதோ தொடாமல் விட்ட சுருக்கம் என்று நினைப்பார். இன்னொருவர் சலவைக்குப் போட்ட துணி என்பார்.

திருப்பாதிரிப்புலியூர், வியாழன் அதிகாலை

தொடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தொடாத சுருக்கம் என்றே விரியும். தொடாமலே சுருங்குதல் என்ற பொருளைத் தராது. தொடாமற்சுருங்கல் என்றால் இலக்கணம் நிற்கும், நாக்கு நிற்காது. நெய்வேலிப் பெண்ணின் கற்பனையைப் பாராட்டுகிறேன். கூம்பலில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஒரு செய்தி. 1908இல் பாரதி புதுச்சேரிக்கு வந்தபோது முதலில் இடம் கொடுத்தவர், போலீஸ் கெடுபிடிக்குப் பயந்து வேறு இடம் பார்க்கச் சொன்னார் என்று வரலாற்றில் படிக்கிறோம். பிரெஞ்சு எல்லைக்குள் அவரைப் பிரிட்டிஷ் போலீஸ் என்ன செய்துவிட முடியும்? ஆனாலும் பயம். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் நம் கடலூரில்தான் கைதானார். கையேட்டில் சேர்க்கலாம்.

முத்தியால்பேட்டை, வியாழன் இரவு

அச்சகத்துக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். முடிவு சொல்கிறேன், யாரும் கோபிக்க வேண்டாம். அச்சவிளைவு என்பதற்கு நான்கு பேர், தொடாச்சுருக்கத்துக்கு இரண்டு பேர், கூம்பலுக்குப் புலவர் ஐயா. உள்ளே எல்லா இடத்திலும் அச்சவிளைவு. முதல் தடவை வரும்போது மட்டும், "தொடாமலே சுருங்கிப்போவது" என்று ஒரு வரி விளக்கம். கரக் சிங்குக்கு ஒன்றரைப் பக்கம். பாரதிக்கு அட்டையின் உள்பக்கத்தில் இடம் கிடைத்தது. எனக்கே முழுத் திருப்தி இல்லை.

பாகூர், வியாழன் இரவு

அடைப்புக்குறிக்குள் சில்லிங் எஃபெக்ட் என்று போடுவீர்கள்தானே?

திருப்பாதிரிப்புலியூர், வெள்ளி அதிகாலை

போடக் கூடாது.

மெய்ப்புப் படி பார்த்தேன். 14ஆம் பக்கத்தில் அச்சவிளைவு என்பது அச்சுவிளைவு என்று விழுந்திருக்கிறது. இது கூம்பலாக இருந்திருந்தால் நேர்ந்திருக்காது. துறைமுகத்துக்குப் போன ஆள் இன்னும் திரும்பவில்லை.