ஸ்கேலில் அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே தொலைகிறது? வடிவமைப்பு வேலையில் அளவெடுத்த அனுபவங்கள்

பக்க வடிவமைப்பு

அச்சான மாதிரி ஒன்றைக் கொடுத்து "இதே அளவில் வேண்டும்" என்று கேட்கும் வேலைகளில், பிழை பெரும்பாலும் கணினியைத் தொடுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. கோப்பில் எல்லாம் துல்லியமாக இருக்கும், ஆனால் அதில் தட்டிய எண்ணே தவறாக இருக்கும். இதில் அவரவர் செய்யும் வேலையைத் தலைப்பாகப் போட்டு, கண்டதை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

முதலில் பூஜ்யம். பிளாஸ்டிக் ஸ்கேலில் முனைக்கும் பூஜ்யக் கோட்டுக்கும் நடுவே சில மி.மீ. வெற்றிடம் இருக்கும். நல்ல ஸ்டீல் ஸ்கேலில் முனையே பூஜ்யம். இரண்டையும் மாற்றி மாற்றிக் கையாளும்போது முனையைப் பூஜ்யமாக நினைத்துப் படித்துவிடுகிறோம். ஸ்டீல் ஸ்கேலிலும் மூலை தேய்ந்திருந்தால் அரை மி.மீ. போய்விடும். அதனால் தாளின் ஓரத்தை 10 மி.மீ. கோட்டில் வைத்துப் படிப்பது நல்லது. மறுமுனை 94-இல் நின்றால் அளவு 84. குறிப்பில் வெறும் 84 என்று எழுதாமல் "94 − 10 = 84" என்றே எழுதுங்கள்; கழித்தோமா இல்லையா என்ற சந்தேகம் பிறகு வராது.

இரண்டாவது, கண் இருக்கும் இடம். 2 மி.மீ. தடிமனுள்ள ஸ்கேலின் மேற்பரப்பில் கோடு இருந்து, கண் 30 டிகிரி சாய்ந்து பார்த்தால் 1.15 மி.மீ. வரை பிசகும். ஸ்கேலைப் படுக்க வைக்காமல் ஓரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால் கோடுகள் தாளையே தொடும், சாய்வால் வரும் பிசகு ஏறக்குறைய இல்லாமல் போகும். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேர் மேலிருந்து பார்ப்பதும் உதவும்.

மி.மீ. ஸ்கேலில் கண்ணால் நம்பிக்கையோடு படிக்கக்கூடியது அரை மி.மீ. வரைதான். ஸ்கேல் வைத்து எடுத்த அளவைக் கோப்பில் 84.37 என்று யாராவது தட்டியிருந்தால், அந்த .37 கற்பனை.

அச்சு முன்தயாரிப்பு

10-இல் தொடங்கும் முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கழிக்க மறந்தால் பிழை சரியாக 10 மி.மீ. திரையில் அது கண்ணை உறுத்தாது, ஒட்டிப் பார்க்கும்போதுதான் தெரியும். அதனால் ஒரே பொருளை இரண்டு இடத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். 10-இல் தொடங்கி 94, 50-இல் தொடங்கி 134. இரண்டிலும் வித்தியாசம் 84 வந்தால்தான் எழுத வேண்டும். கூடுதலாகப் பத்து நொடி ஆகும், அவ்வளவுதான்.

அங்குலத்தில்தான் அதிகமாகச் சறுக்குகிறார்கள். ஸ்கேலைக் கையில் எடுத்ததும் இரண்டு எண்களுக்கு இடையே எத்தனை பாகம் என்று முதலில் எண்ணுங்கள். 16 பாகம் என்றால் நீளமான கோடு அரை, அடுத்த நீளம் கால், அதற்கடுத்தது ஒரு நூல் (1/8), ஆகச் சிறியது அரை நூல் (1/16). ஆனால் சில ஸ்டீல் ஸ்கேல்களில் ஒரு ஓரம் 32 அல்லது 64 பாகமாக இருக்கும். வேறு சிலவற்றில் 10 பாகம். பத்துப் பாக ஓரத்தை 16 என்று நினைத்துப் படித்தால் எந்தக் கணக்கும் ஒத்துவராது.

அதைவிட ஆபத்து, வாடிக்கையாளர் எழுதித் தரும் "2.3 இன்ச்". சிலர் மனதில் அது 2 அங்குலம் 3 நூல், அதாவது 2.375 அங்குலம், 60.3 மி.மீ. கணினிக்கு 2.3 என்பது 58.4 மி.மீ. கிட்டத்தட்ட 2 மி.மீ. காணாமல் போகிறது. பேனர் வேலையில் இதே கதை அடியில் நடக்கும்: "5.6 அடி" என்பது 5 அடி 6 அங்குலமா, 5 அடி 7.2 அங்குலமா? புள்ளியோடு வரும் அங்குல, அடி அளவு எதையும் திரும்பக் கேட்காமல் ஏற்காதீர்கள். மி.மீ.க்கு மாற்றிச் சொல்லி "சரிதானா?" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

நூல் கணக்கைத் தசமமாக மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: 1 நூல் 0.125, 2 நூல் 0.25, 3 நூல் 0.375, 5 நூல் 0.625, 7 நூல் 0.875. அரை நூல் 0.0625. ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ., இதை 25 என்று வைத்துக் கணக்கிட்டால் 10 அங்குலத்தில் 4 மி.மீ. பிழை.

எழுத்துக்கோப்பு

எழுத்தின் அளவைச் சொல்லும் அலகான பாயின்ட்டைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. இன்றைய மென்பொருள்களில் 72 பாயின்ட் ஓர் அங்குலம். ஒரு பாயின்ட் 0.3528 மி.மீ. 12 பாயின்ட் ஒரு பைக்கா, 6 பைக்கா ஓர் அங்குலம். பழைய ஈய எழுத்துக் காலத்து அமெரிக்கப் பாயின்ட் இதைவிடச் சற்றுச் சிறியது (ஓர் அங்குலத்துக்கு சுமார் 72.27), அதனால் பழைய பைக்கா ஸ்கேலை வைத்து நீண்ட பத்தியை அளந்தால் முழு எண் வராமல் இழுக்கும்.

அச்சான பக்கத்தில் எழுத்தின் உயரத்தை அளந்து "இது 12 பாயின்ட்" என்று சொல்ல முடியாது. பாயின்ட் என்பது எழுத்து உட்கார்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கட்டத்தின் அளவு. ஒரே 12 பாயின்ட்டில் இரண்டு தமிழ் எழுத்துருக்களை அடித்தால் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் தெரிவது அதனால்தான். எழுத்துருவைக் கண்டுபிடித்து, அதே சொல்லை அடித்து, அச்செடுத்து, அந்தச் சொல்லின் நீளத்தை ஒப்பிடுவதே வழி. மாதிரியில் ஒரு வரி 91 மி.மீ., உங்கள் 12 பாயின்ட் அச்சில் 84 என்றால் 12 × 91 ÷ 84 = 13 பாயின்ட்.

வரி இடைவெளியை மட்டும் ஸ்கேலாலேயே துல்லியமாக எடுக்கலாம். ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (எழுத்துகள் உட்காரும் கோடு) அடுத்ததற்கு அளக்காதீர்கள். முதல் வரியிலிருந்து பதினோராம் வரி வரை அளந்து 10-ஆல் வகுங்கள். 52.9 மி.மீ. வந்தால் ஒன்று 5.29, அதாவது 15 பாயின்ட். அரை மி.மீ. தப்பாகப் படித்திருந்தாலும் ஒரு வரிக்கு 0.05 மி.மீ.தான் பிசகும். பதினோராம் வரி என்பதைக் கவனியுங்கள், பத்தாவது வரியில் நிறுத்தினால் இடைவெளி ஒன்பதுதான். தமிழில் அடிக்கோடாக ப, ட, ம போன்ற எழுத்துகளின் அடியை எடுங்கள். ர, ழ, ற, கு எல்லாம் கீழே இறங்கும்.

அச்சு முன்தயாரிப்பு

நல்ல முறை. அச்செடுத்து ஒப்பிடும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பக்கத்தின் ஓரத்தில் 100 மி.மீ. நீளக் கோடு ஒன்று, கிடையாகவும் நெடுக்காகவும். பிரிண்டர் "தாளுக்குப் பொருத்து" என்ற தெரிவில் இருந்தால் அந்தக் கோடு 97 அல்லது அதுபோல் சுருங்கி வரும். 97 என்றால் 85 மி.மீ. அட்டை 82.5 ஆகியிருக்கும், அதை வைத்து "டிசைன் சின்னதாக இருக்கிறது" என்று கோப்பைத் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். அளவை 100 சதவீதம் என்று வைத்து மறுபடி எடுங்கள்.

திரையில் 100 சதவீதம் என்று காட்டினாலும் ஸ்கேலைத் திரையில் வைத்து அளக்காதீர்கள். அந்தத் திரையின் பிக்ஸல் அடர்த்தியை (ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்ஸல் என்பதை) மென்பொருள் அறிந்திருந்தால்தான் அது நிஜ அளவு.

இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் இன்னொரு பொறி இருக்கிறது. 100 × 50 பெட்டிக்கு 2 பாயின்ட் கோடு கொடுத்தால், கோடு பாதி உள்ளே பாதி வெளியே நிற்கும். வெளி அளவு 100.7 × 50.7. ஆனால் கோட்டுத் தடிமனையும் சேர்த்து அளக்கும் அமைப்பு அணைந்திருந்தால் எண் 100 × 50 என்றே காட்டும். கட்டிங் கோட்டை (எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் கோடு) அளக்கும்போது கோட்டுத் தடிமனைச் சேர்க்காத எண்ணைப் பாருங்கள், அச்சில் தெரியும் கட்டத்துக்குச் சேர்த்த எண்ணை.

பைண்டிங்

தாளையே நம்ப வேண்டாம். ஏ4 என்றால் 210 × 297, ஆனால் தாள் அளவுகளுக்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 216-ஏ இந்த அளவுகளில் 2 மி.மீ. கூடவோ குறையவோ அனுமதிக்கிறது. கையில் இருக்கும் தாளை அளந்துவிட்டு மடிப்பைக் கணக்கிடுங்கள். தாள் செவ்வகமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள். ஏ4-க்கு இரண்டும் 363.7 சுமார் வர வேண்டும். நீளத்தைவிட முக்கியம், இரண்டும் ஒன்றாக இருப்பது.

மூன்று மடிப்புத் துண்டறிக்கையை 99, 99, 99 என்று பிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உள்ளே போகும் பக்கம் இடித்து வளையும். 100, 100, உள்ளே போகும் பக்கத்துக்கு 97 என்று வையுங்கள். வெளிப்புறக் கோப்பில் இடமிருந்து 97, 100, 100. உட்புறக் கோப்பில் 100, 100, 97. இரண்டு கோப்பிலும் ஒரே வரிசையை வைத்துவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கும் பிழை.

புத்தக முதுகின் தடிமனுக்கு ஒரு தாளை அளந்து பெருக்காதீர்கள். அதே தாளில் 100 எடுத்து, கையால் அழுத்திப் பிடித்து அளங்கள். தளர்வாகப் பிடித்தால் இடையில் காற்றும் அளவில் சேரும். 100 தாள் 11 மி.மீ. என்றால் ஒன்று 0.11. 240 பக்கம் என்பது 120 தாள், 13.2 மி.மீ. அட்டை 0.3 வீதம் இருபுறமும் 0.6. முதுகு 13.8. பக்கத்தையே தாளாக எண்ணினால் இரண்டு மடங்காகிவிடும். வெர்னியர் (தடிமனைக் கவ்விப் பிடித்து நுணுக்கமாக அளக்கும் கருவி) இருந்தால் அதையே எடுங்கள்.

லேபிள்

உருளைப் பாட்டிலுக்கு விட்டத்தை ஸ்கேலால் அளந்து 3.14-ஆல் பெருக்குவது வேண்டாம். விட்டத்தில் 1 மி.மீ. தவறினால் சுற்றளவில் 3 மி.மீ.க்கு மேல் தவறும். மெல்லிய தாள் பட்டையை இறுகச் சுற்றி, ஒன்றன் மேல் ஒன்று படியும் இடத்தில் ஊசியால் இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். பட்டையை விரித்து இரண்டு துளைகளுக்கு இடையே அளந்தால் அதுதான் சுற்றளவு. 65 மி.மீ. விட்டத்துக்கு 204 வரும். ஒட்டுவதற்கு 5 மி.மீ. சேர்த்தால் 209. உயரத்தை வளைவு தொடங்கும் இடம் வரை மட்டும் எடுங்கள், மேலும் கீழும் 2 மி.மீ. விட்டுவிட்டு.

பக்க வடிவமைப்பு

ஒரு கேள்வி. 187 மி.மீ. அகலத்தை அட்டையில் 8 சம பாகமாகக் குறிக்க வேண்டும். ஒன்று 23.375. ஸ்கேலில் அது இல்லை. 23.5 வைத்துப் போனால் கடைசியில் இடிக்கிறது.

பைண்டிங்

ஸ்கேலைச் சாய்த்து வையுங்கள். பூஜ்யம் இடது ஓரத்தில், 200 வலது ஓரத்தில் படும்படி சாய்த்தால், 25, 50, 75 என்று ஒவ்வொரு 25-க்கும் ஒரு புள்ளி. அதே சாய்வை அட்டையின் மேற்பகுதியில் ஒருமுறை, கீழ்ப்பகுதியில் ஒருமுறை வைத்துக் குறித்து, ஒத்த புள்ளிகளை இணைத்தால் எட்டும் சமம். ஸ்கேலை ஒவ்வொரு பாகத்துக்கும் நகர்த்தக் கூடாது. ஒரு நகர்வுக்கு அரை மி.மீ. ஒரே பக்கமாகப் பிசகினால் எட்டாவதில் 4 மி.மீ. ஆகிவிடும்.

புள்ளியை வட்டமாக வைக்காமல் சிறு அம்பு முனையாகப் போடுங்கள், முனைதான் அளவு. 0.5 பென்சில் கோடே அரை மி.மீ. அகலம் என்பதால் வெட்டும்போது கோட்டின் எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். வெட்டும்போது ஸ்கேல், வைத்துக்கொள்ளப் போகும் துண்டின் மேல் இருக்கட்டும். கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும்.