வாலிபர் ஐக்கியத்தில் படம் போட்டுப் பேசலாமா? கூத்தில் ஆடலாமா?

கல்லாற்றுச் சகோதரி கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். மட்டக்களப்புப் பக்கம் பெரியகல்லாற்றில் எங்கள் திருச்சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்தி வருகிறேன். பாதிப் பேர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள், மற்றவர்கள் வேலை தேடுகிறவர்கள். வேதப்பாடத்தில் எல்லோரும் அமைதியாகத் தலையாட்டுவார்கள். முடிந்த கையோடு முற்றத்தில் நின்று புதுப்படத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அரைமணி நேரம் போவது தெரியாது. கதாநாயகன் செய்தது சரியா, விருப்பமில்லாத பெண்ணின் பின்னால் அப்படித் திரிவது காதலா என்றெல்லாம் தங்களுக்குள் வாதாடுகிறார்கள். இவ்வளவு நல்ல கேள்விகளை எங்களிடம் கேட்பதே இல்லை.

ஆகவே மாதம் ஒரு படம் போட்டுப் பார்த்துப் பேசுவோம் என்று சபைக் கூட்டத்தில் சொன்னேன். ஒரு மூப்பர், "உலகத்திலுள்ளவைகளில் அன்புகூராதிருங்கள் என்று யோவான் எழுதியிருக்க, ஆலய மண்டபத்தில் சினிமாவா?" என்று கேட்டார். அவரை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். 2004இல் கடல் வந்து போன பிறகு வீடு வீடாகப் போய் ஜெபித்து எங்கள் சனத்தைத் தாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. எங்கள் பொடியன் ஒருவனை, எங்கள் பக்கத்து மரபுக் கூத்தான வடமோடியில் அபிமன்யு வேஷத்துக்கு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் கேட்டிருக்கிறார். அவனுக்குச் சரியான ஆசை. பிள்ளையார் காப்புப் பாடித் தொடங்குகிற கூத்தில் நம் பிள்ளை ஆடலாமா என்று தாய் பயப்படுகிறார். என்ன சொல்வது?

திருக்கோவில் அக்கா:

தங்கச்சி, நான் சைவக் குடும்பத்தில் பிறந்து கல்யாணத்துக்குப் பிறகு ஞானஸ்நானம் பெற்றவள். என் அப்பா கூத்தர். சலங்கை கட்டுவதிலிருந்து அரங்கேற்றம் வரை எங்கள் வீட்டில் எல்லாமே கோயிலோடு சேர்ந்துதான் நடந்தது. இன்றைக்கும் மத்தளச் சத்தம் கேட்டால் என் கால் தானாக எழும்பும். அதனால்தான் நான் கூத்தாடுகிற களரிப் பக்கம் போவதில்லை. அது கெட்டது என்று சொல்லவில்லை. எனக்கு அது வெறும் கலை இல்லை, நான் விட்டு வந்த வழிபாடு. உங்கள் சபையில் என்னைப் போல யாராவது இருந்தால் அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படம் வேறு கதை. என் மகன் பார்ப்பான். நானும் பக்கத்தில் இருந்து பார்ப்பேன்.

மட்டுநகர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகள், நான் கத்தோலிக்கன், புளியந்தீவு. மறைக்கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகளோடு படங்களைப் பற்றிப் பேசி வருகிறேன். என் எண்ணத்தைச் சொல்கிறேன்.

பவுல் ஏதென்ஸ் நகருக்குப் போன கதையை அந்த மூப்பரோடு உட்கார்ந்து வாசியுங்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 17. ஊர் முழுக்கச் சிலைகளைக் கண்டு அவருடைய மனம் கொதித்தது. ஆனாலும் அந்தக் கொதிப்போடு ஊரைவிட்டு ஓடவில்லை. சுற்றித் திரிந்து அவர்களுடைய வழிபாட்டு இடங்களைக் கவனித்துப் பார்த்தார், கல்வெட்டை வாசித்தார், அதற்குப் பிறகுதான் பேசினார். பேசும்போது, "நாம் அவருடைய சந்ததியார்" என்ற வரியை எடுத்துக்காட்டுகிறார். அது அராட்டஸ் என்ற கவிஞருடைய வரி. பவுலுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர், பவுல் பிறந்த தர்சு பட்டணம் இருந்த அதே கிலிக்கியா நாட்டுக்காரர். அந்தப் பாட்டு கிரேக்கர்களின் பெருந்தெய்வமான சியூஸைப் போற்றித் தொடங்குவது. பவுல் அந்தத் தெய்வத்தை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கவிஞன் தேடியது என்ன என்று அவருக்கு விளங்கியிருந்தது. பாட்டைப் படிக்காதவருக்கு அந்த வரி நினைவில் வந்திருக்குமா?

படம் முடிந்ததும் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: இதில் யாருடைய சாவுக்கு ஒருவரும் அழவில்லை? முதலில் பிள்ளைகள் விழிப்பார்கள். பிறகு எண்ணத் தொடங்குவார்கள். கதாநாயகன் வெட்டிச் சாய்த்த அடியாட்கள், அவர்களுக்கும் தாய் இருந்திருப்பாளே என்று ஒரு பிள்ளை சொல்லும். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குச் சாவு வேடிக்கை இல்லை. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் இறந்தவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். அதை அறிந்த பிள்ளைகளே திரையில் ஆட்கள் விழும்போது விசிலடிக்கிறார்கள். படத்தைத் தடை செய்தால் இதைப் பற்றி அவர்களோடு பேச நமக்கு வேறு எங்கே இடம் கிடைக்கும்?

அபிமன்யு விஷயத்துக்கும் இதே கேள்வியோடு வருகிறேன். அபிமன்யு விழுந்த பிறகு தாய் புலம்புகிற இடத்தில், விடியப்புறம் நித்திரை முழித்த கண்ணோடு கிழவிகள் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். அங்கே சாவுக்கு ஒரு கனம் இருக்கிறது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் எங்கள் கத்தோலிக்க மக்கள் புனிதர்களின் கதைகளையே கூத்தாக ஆடி வருகிறார்கள். ஆகவே ஆட்டமும் தாளமும் தடை இல்லை. காப்பும் பூசையும்தான் கேள்வி. சந்தையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு, ஆனால் படையல் பந்தியில் உட்காராதே என்று பவுல் கொரிந்தியருக்குப் பிரித்துச் சொல்கிறார். அண்ணாவியாரிடம் பொடியனே நேரில் போய், "வேஷம் கட்டுகிறேன், பூசையில் மட்டும் நிற்க மாட்டேன், சம்மதமா?" என்று மரியாதையாகக் கேட்கட்டும். அவர் சம்மதித்தால் ஆடலாம் என்பது என் கருத்து. சம்மதிக்காவிட்டால் அது அவருடைய உரிமை, விட்டுவிட வேண்டும். திருக்கோவில் தங்கச்சி சொன்னதையும் பொடியன் கேட்கட்டும். அவருக்காக ஒதுங்கி நிற்க அவன் தீர்மானித்தால் அதுவும் நல்லதே.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது வேறு. படம் பார்க்கிற பிள்ளையைக் கண்டிக்கிறோம். அயலூர் முஸ்லிம்களைப் பற்றி வட்ஸ்அப்பில் வருகிற பொய்க் குரல்பதிவைக் கேட்டு, விசாரிக்காமல் நாலு குழுவுக்கு அனுப்புகிற பெரியவர்களை யார் கண்டிக்கிறோம்? அவர்களும் திருப்பலிக்கு வருகிறார்கள், ஜெபக்கூட்டத்துக்கும் வருகிறார்கள். உலகம் நம் வீட்டுக்குள் வந்திருப்பது அந்தப் போனில்தான்.

கல்லாற்றுச் சகோதரி:

சேர், அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. முதல் படத்தை மண்டபத்தில் வைக்காமல் எங்கள் வீட்டு விறாந்தையில் வைக்கிறேன். அந்த மூப்பரையும் கூப்பிடப் போகிறேன், கேள்வியை அவரே கேட்கட்டும். பொடியனையும் தாயையும் அண்ணாவியாரிடம் நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

வட்ஸ்அப் விஷயம் எங்கள் ஐக்கியத்தின் குழுவிலேயே நடக்கிறது. அதை எப்படித் தொடங்குவது?

மட்டுநகர் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

பொய் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு செய்தியை எடுங்கள். யார் அனுப்பியது என்று சொல்ல வேண்டாம். மருதமுனை உங்களுக்குக் கிட்டத்தானே, அங்கே பழக்கமான ஒரு முஸ்லிம் ஆசிரியரைக் கூப்பிடுங்கள். அவர் முன்னால் இதைச் சத்தமாக வாசிக்க யார் தயார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். அவரிடம் மட்டும் விஷயத்தை முன்கூட்டியே சொல்லி, சம்மதம் வாங்கிவிடுங்கள்.